நெட் விட்டு விட்டு வந்தால்: குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த வழிகாட்டி யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு ஒன்று, கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி ஒன்று. அதை நம்பியிருப்பவை நான்கு செல்போன், ஒரு டிவி, வாசலில் ஒரு கேமரா, பாஸ்வேர்டு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டிராத மாடி வீட்டுக்காரர், கடைசியாக உங்கள் லேப்டாப். மற்ற எல்லாவற்றிலும் நெட் வருகிறது. லேப்டாப்பில் மட்டும் வரும், போகும். மீட்டிங்கில் மேனேஜர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது போகும். "சரி, அவர் இல்ல போல, அடுத்தவர் சொல்லுங்க" என்னும்போது வந்துவிடும்.

இப்படிப்பட்ட இணைப்பைச் சரிசெய்வது எப்படி என்று எழுதப்பட்ட குறிப்புகள் ஏராளம். எழுதியவர்கள் எல்லோரும் தனிக்கட்டைகள் போலிருக்கிறது. குடும்பத்தோடு இருப்பவருக்கு நெட் இரண்டாவது கவலைதான். "என்னங்க, இன்னைக்கும் வரலையா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்போது சட்டென்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தில் தன் பெயரும் தன் லேப்டாப்பின் பெயரும் வரக் கூடாது. முதல் கவலை அது. எனவே குற்றவாளியை முதலில் முடிவுசெய்துகொண்டு கோளாறைப் பிறகு தேடும் முறையையே இங்கே பரிந்துரைக்கிறோம்.

தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பெட்டியை அணைத்துப் போடுவது. நுணுக்கம் நேரத்தில் இருக்கிறது. யாரும் நெட்டைத் தொடாத வேளையில் அணைத்தால் உங்கள் உழைப்பு ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடும். மகள் ஆன்லைன் டெஸ்ட் எழுதும்போது அணைக்கலாம். பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் பொறுத்து மாட்ட வேண்டும்; பெட்டிக்குள் கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்கு அந்த அவகாசம். அதற்குள் யார் வந்து கத்தினாலும் கையை மட்டும் உயர்த்திக் காட்டவும்.

இப்படிச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த முறைக்குப் பிடித்த சாபமே அதுதான். அணைத்துப் போடும்போது பெட்டியின் நினைவில் சேர்ந்த பழைய இணைப்புக் கணக்குகள் அழிகின்றன. எல்லாக் கருவிகளும் புதிதாக முகவரி கேட்டு வாங்குகின்றன. பல பெட்டிகள் விழித்ததும் அக்கம்பக்கத்து வைஃபைகளை நோட்டம் விட்டு, நெரிசல் குறைந்த சேனலுக்கு மாறிக்கொள்கின்றன. இந்த மூன்றில் உங்களைக் காப்பாற்றியது எது என்று இனித் தெரியப் போவதில்லை. நாளைக்கும் அணைத்துப் போடுவீர்கள்.

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். "மச்சான், அதுல ஒரு குத்து குத்துங்க, எல்லாம் புதுசாயிடும்" என்று சொல்ல எந்தக் குடும்பத்திலும் ஒரு மைத்துனர் உண்டு. சேஃப்டி பின்னை விட்டுப் பத்து விநாடி அமுக்கினால் அவர் சொன்னபடியே எல்லாம் புதுசாகும். நீங்கள் வைத்த வைஃபை பெயர் போகும், பாஸ்வேர்டு போகும். பல இணைப்புகளில், நிறுவனத்துக்குள் நுழையப் பெட்டி பயன்படுத்தும் இன்னொரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருக்கும், அவையும் சேர்ந்து போகும். அவை கேபிள்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அந்த நேரத்தில் வேறு ஏதோ தெருவில் கம்பத்தின் மேல் இருப்பார். ஆனாலும் இதில் ஒரு வசதி உண்டு. லேப்டாப்பில் மட்டும் வராமலிருந்த நெட், இப்போது வீட்டில் யாருக்குமே வராது. உங்கள் சொந்தக் கஷ்டம் பொதுப் பிரச்சினையாகிவிட்டது.

அடுத்து, குற்றவாளி. மரபுப்படி முதலில் மகனின் கேம். "இவன் விளையாடி விளையாடியே எல்லா நெட்டையும் இழுத்துடறான்" என்று ஹாலில் நின்று சொல்லவும். உண்மையில் ஆன்லைன் விளையாட்டு இழுக்கும் டேட்டா, டிவியில் ஓடும் ஒரு சினிமாவோடு ஒப்பிட்டால் கொசுறு. குற்றம் பெரும்பாலும் சார்ஜரில் போட்டுவிட்டு மறந்துபோன போனில் இருக்கும். கொழுந்தியாள் கல்யாணத்தில் எடுத்த வீடியோக்களை எல்லாம் அது ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் வழி நிரம்பியதும் பெட்டி கூடுதலாக வருவதைத் தள்ளிவிடாமல் தன் நினைவில் வரிசையாக அடுக்கிவைத்துக்கொள்ளும். உங்கள் மீட்டிங்கின் குரலும் அதே வரிசையின் வாலில் நிற்கும். 20 மில்லிவிநாடியில் திரும்ப வேண்டிய பதில் ஒரு முழு விநாடி எடுக்கும். 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளர் தன் வீட்டு நெட் ஏன் படுத்துகிறது என்று துருவப் போய்த்தான் இந்த நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பஃபர்ப்ளோட் என்று அதற்குப் பெயர். அவர் அளந்து பார்த்தார். நீங்கள் அளக்க வேண்டாம். அளந்தால் கல்யாண வீடியோவை ஏற்றிக்கொண்டிருப்பது உங்கள் போன்தான் என்று தெரிய வாய்ப்பிருக்கிறது.

மாடி வீட்டுக்காரர், மழை, அணில் என்று பட்டியலை நீட்டலாம். மின்வெட்டுக்கே அணில் மேல் பாரத்தைப் போட்ட முன்னுதாரணம் நம் மாநிலத்தில் இருக்கிறது.

இனி பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கோளாறுகளில் பாதி இங்கேதான் விளைகிறது. ஃபைபர் நுழையும் இடம் ஹாலில் டிவிக்கு மேலே என்றால் பெட்டியும் அங்கேயே ஆணியில் தொங்கும். அது கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று ஷோகேஸுக்குள் தள்ளி, முன்னால் வெள்ளிக் கோப்பைகளை அடுக்குவார்கள். அடுத்து ஒரு கான்கிரீட் சுவர், அதற்குள் கம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறரை அடி இரும்பு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகமும் அலையைத் திருப்பி அனுப்பும். பீரோவுக்குப் பின்னால் நீங்களும் லேப்டாப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஒருவாறு தாண்டும், ஆனால் அந்தப் பாதையில் தெருவே நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் இங்கும் அங்குமாகத் தாவும். தாவுகிற அந்த நேரத்தில்தான் மேனேஜர் உங்களைக் கூப்பிடுவார்.

பெட்டியை நடு வீட்டில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்தால் போதும். அப்படி வைக்க நினைக்கும் நாளில் வாஸ்து தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வருவார். மின்சாரப் பொருளென்றால் அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு. தென்கிழக்கில் என்ன இருக்கிறது? வாஸ்துப்படி கட்டிய வீடென்றால் சமையலறை. சமையலறையில் என்ன இருக்கிறது? மைக்ரோவேவ் அடுப்பு. அது சோற்றைச் சூடாக்க வீசும் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், உங்கள் வைஃபை பேசும் அதே வட்டாரம். அதன் கதவிடுக்கில் கசியும் துளி அலை மனிதருக்குக் கெடுதல் செய்யாது, பக்கத்தில் நின்று மெல்லப் பேசும் பெட்டியின் குரலை அமுக்க அது போதும். தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு மட்டும் நெட் போகிறது என்றால், ரசம் சூடாகிறது என்று பொருள்.

சேனல் எண்ணைத் தேர்வதிலும் சாஸ்திரம் புகுந்துவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல் உண்டு. அடுத்தடுத்த சேனலுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு வைஃபை அடைத்துக்கொள்வதோ 20. ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் மூன்று சேனல்கள் 1, 6, 11. இதில் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் பிறந்த தேதிக்கு ராசி எண் 9. ஒன்பதில் வைத்தால் 6-இல் இருக்கும் எதிர் வீட்டையும் இடிக்கும், 11-இல் இருக்கும் பக்கத்து வீட்டையும் இடிக்கும். ஒரே சேனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பாதி இடித்துக்கொண்டிருக்கும் பெட்டிக்கு மற்றவர் பேச்சு வெறும் இரைச்சல். யார் பேச்சும் யாருக்கும் விளங்காது. எண்கணிதத்தில் ஒன்பது செவ்வாய்க்கு உரியது, சண்டைக்கு ஏற்ற எண் என்பார்கள். இந்த ஓரிடத்தில் எண்கணிதமும் மின்னணுவியலும் ஒத்துப்போகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு போதவில்லை என்று தோன்றினால் பரணில் ஏறுங்கள். பழைய இணைப்புக்கு வாங்கிய ரௌட்டர் ஒன்று அட்டைப்பெட்டியோடு இருக்கும். நம் ஆட்கள் எதையும் தூக்கிப்போடுவதில்லை. அதை எடுத்துத் துடைத்துப் படுக்கையறையில் வைத்து, ஒரு ஒயரால் புதுப் பெட்டியின் லேன் துளையையும் இதன் லேன் துளையையும் இணைத்துவிடுங்கள். சிக்னல் முழுதாகக் காட்டும். வீட்டார் மெச்சுவார்கள். அன்று இரவே ஆட்டம் தொடங்கும்.

என்ன நடக்கிறதென்றால், வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுப்பது பெட்டியின் வேலை. பழைய பெட்டியும் அதே வேலைக்குப் பழகியது. இப்போது லேப்டாப் "எனக்கொரு முகவரி" என்று கேட்டால் இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். யார் முந்துகிறாரோ அவர் சொல்வதை அது நம்பிக்கொள்ளும். புதுப் பெட்டி முந்தினால் நெட் வரும். பழையது முந்தினால், வெளியே போக வழி என்று அது தன்னையே காட்டும். அதற்கு வெளியே போகும் வழியே கிடையாது. போதாக்குறைக்கு இரண்டு பெட்டிக்கும் முகவரி 192.168.1.1 என்றே இருக்கும். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்கவென்று ஒதுக்கிய எண்களில் இதுவும் ஒன்று, பாதி உலகத்தில் வீட்டுக்கு வீடு இதே எண்தான். இருவருமே பதில் சொல்லாத நாளில் விண்டோஸ் தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் இலை கிடைக்காதவர் தானே ஓர் இலையை விரித்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்த மாதிரி. இலை இருக்கிறது, பரிமாற யாரும் வரமாட்டார்கள். பழைய ரௌட்டரில் முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. வேலையை நிறுத்தி, அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றிவிட்டால் இரண்டும் சமாதானமாக ஓடும். ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிட வேலையை யார் செய்வது?

உங்களுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து மாமனார் வடிவில் வரும். குறிப்பாக, தொலைபேசித் துறையில் லைன் பார்த்து ஓய்வுபெற்ற மாமனார். அவர் ஈஸிசேரில் இருந்தபடியே கேட்பார்:

"மாப்ள, கோளாறு வீட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"அதெல்லாம் பழைய லைன் மாமா. இது ஃபைபர்."

"எதுவா இருந்தா என்ன. பாதியில நின்னு டெஸ்ட் பண்ணுங்க. இந்தப் பாதி நல்லா இருந்தா அந்தப் பாதி. அவ்வளவுதான்."

இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். அவர் சொல்வதைச் செய்ய லேப்டாப்பிலேயே பிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் இதே போன்ற ஒரு வலையமைப்புக் கோளாறைப் பிடிக்க ஒரே மாலையில் எழுதியது. ஓர் எண்ணைக் கொடுத்தால் அங்கே தட்டி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று சொல்லும். முதலில் வீட்டுப் பெட்டியின் எண்ணைக் கொடுத்து ஓடவிட வேண்டும். பதில் இரண்டு, மூன்று என்று சீராக வந்தால் லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவே குறையில்லை. அடுத்து வெளியே, கூகுள் 2009 முதல் நடத்தும் 8.8.8.8. அங்கே மட்டும் பதில் அறுந்தால் கோளாறு பெட்டிக்கு அப்பால். நிறுவனத்தைக் கூப்பிட உங்களுக்கு முழு உரிமை. 8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் பெயரைத் தட்டினால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவைதான் படுத்திருக்கிறது, செட்டிங்கில் வேறு டி.என்.எஸ். எண்ணைப் போட்டால் தீர்ந்தது.

இரண்டே நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையை ஏன் தவிர்க்கச் சொல்கிறோம் என்பது இப்போது புரிந்திருக்கும். வீட்டுப் பெட்டியைத் தட்டும்போதே பதில் 3, 4, 900, பதில் இல்லை, பதில் இல்லை, 5 என்று வந்துவிட்டால்? கோளாறு உங்களுக்கும் உங்கள் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே என்று நிரூபணமாகிவிடும். அதை மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிடுவார். அதன்பிறகு கம்பெனியைத் திட்ட முடியாது, மகனைத் திட்ட முடியாது, அணில் தப்பித்துவிடும். அடுத்து எல்லோரும் உங்கள் லேப்டாப்பைப் பார்ப்பார்கள்.

பார்த்தால் அதில் நிறைய இருக்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பக்கத்தைத் திறந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டத்தில் டிக் இருக்கும். நீங்கள் கொஞ்ச நேரம் நெட்டைத் தொடாமல் இருந்தால் அது கண் அயரும். சில லேப்டாப்பில் கோளாறு மொத்தமும் அந்த ஒரு டிக் தான். எடுத்துவிட்டால் போயிற்று. இன்னொன்று, பக்கவாட்டில் நீல நாக்குள்ள துளையில் நீங்கள் எப்போதும் செருகி வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க். யு.எஸ்.பி. 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இரைச்சல் கிளப்புகிறது என்று 2012-இல் இன்டெல் நிறுவனமே அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்தாலோ, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலோ சத்தம் அடங்கும். மூன்றாவது, மூடி. வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றித்தான் இருக்கும், அதன் மெல்லிய ஒயர் கீல் வழியாகக் கீழே இறங்கும். வருடக்கணக்கில் திறந்து மூடியதில் ஒயர் நைந்திருந்தால், திரையை ஒரு கோணத்தில் சாய்த்தால் நெட் வரும், இன்னொரு கோணத்தில் போகும். "நான் தொட்டா மட்டும் வருது பாருங்க" என்று மனைவி சொல்வது இந்த வகையில் சேரும். அவர் திரையை நிமிர்த்திவைக்கிறார்.

கஸ்டமர் கேரைக் கூப்பிடுவதென்றால் பெட்டியில் எரியும் விளக்குகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூப்பிடலாம். லாஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு கண் சிமிட்டினால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை. எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. ஷோகேஸுக்குப் பின்னால் ஃபைபரை ஆணியில் இறுக்கிச் சுற்றினால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்துவிடும். அந்த ஒரு வேளையில் நீங்கள் கத்துவதற்கு நியாயம் உண்டு, ஆனால் அப்போது லேப்டாப்போடு எல்லாமும் நின்றிருக்கும். லேப்டாப்பில் மட்டும் போகிறது என்று சொன்னால் மறுமுனையில் இருக்கும் பெண் மிகுந்த மரியாதையோடு, "சார், மத்த டிவைஸ்ல வருதுங்களா?" என்பார். இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்ன கணத்தில் புகார் முடிந்தது. "எதுலயும் சரியா வரலம்மா" என்று சொல்லவும். பக்கத்தில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளவும்.

எல்லாவற்றுக்கும் மாற்றாக, கடையில் ஒரு லேன் கேபிள் வாங்கிப் பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேரே இழுத்துவிடலாம். கேட் 5இ போதும். 100 மீட்டர் வரை போகும், பீரோவுக்கும் ரசத்துக்கும் அஞ்சாது. மெல்லிய லேப்டாப்பில் அதற்குத் துளையே இருக்காது, ஒரு டாங்கிள் சேர்த்து வாங்க வேண்டும். கேபிளைக் கதவிடுக்கில் விட்டு நசுக்காதீர்கள். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள், அவற்றில் ஒன்று அறுந்தாலும் கிகாபிட் வேகம் 100 மெகாபிட்டாகச் சுருங்கும், அல்லது அடியோடு நிற்கும். இழுத்த அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும். வீட்டில் கேட்டால், கஸ்டமர் கேரில் நீங்கள் போட்ட போடில்தான் ஆளனுப்பிச் சரிசெய்தார்கள் என்று சொல்லுங்கள்.

ஆள் வரத்தான் செய்வார், இரண்டு நாள் கழித்து. பையை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் வேகத்தை அளந்து, "ஃபுல்லா வருதே சார்" என்பார். காபி கொடுத்து அனுப்புங்கள். மறுநாள் காலை, புகார் தீர்க்கப்பட்டது, மதிப்பெண் கொடுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வரும். ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுங்கள். அடுத்த முறை ரீசெட் துளையில் பின்னை விட்ட பிறகு வரப் போவதும் அந்தத் தம்பிதான்.